மலர் வளையத்தில் ஒரு வரி

சரவணம்பட்டி,
கோயம்புத்தூர்,
ஆகஸ்ட் 9.

மதிப்பிற்குரிய சகோதரி பொற்கொடி அவர்களுக்கு,

வணக்கம். நான் அழகிரிசாமி. உங்கள் தம்பி சாமுவேல் குடியிருக்கும் அடுக்ககத்தில், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். உங்கள் தாயார் பாவாத்தாள் அம்மாவின் உடலோடு வால்பாறைக்கு வந்த சங்கத்தார் இருவரில் கண்ணாடி போட்ட வயதானவன். மலர் வளையத்திலிருந்து ரிப்பனைக் கழற்றி, மடித்து, என் கையில்தான் கொடுத்தீர்கள்.

கைப்பேசியில் பலமுறை அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம். உங்கள் விலாசத்தைப் போதகரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்ததும் நீங்கள் எல்லோர் முன்னாலும் ஒன்று சொன்னீர்கள். அம்மாவின் நினைவு ஜெபக் கூட்டத்துக்கு எங்கள் அடுக்ககத்திலிருந்து ஒருவரும் வரக் கூடாது, சாமுவேலும் வரக் கூடாது என்றீர்கள். அதில் முதல் பாதிக்கு எனக்கு மறுபேச்சு இல்லை. இரண்டாம் பாதியை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் இந்தக் கடிதம். பிழை எங்களுடையது. அது எப்படி நடந்தது என்பதை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சங்கத்தில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் குடும்பத்தில் யாராவது இறந்தால் சங்கத்தின் பெயரில் ரோஜா வைத்துக் கட்டிய மலர் வளையம். காவலாளி, தோட்டக்காரர், வீட்டு வேலைக்கு வருபவர் என்றால் சம்பங்கி மாலை. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நான் செயலாளராக வந்தபோதே இருந்தது. நானும் அதில் குறை காணவில்லை.

உங்கள் தாயார் மருத்துவமனையில் தவறிய அன்று மாலை, கீழே சங்க அறையில் கூடினோம். சம்பங்கி மாலை வாங்க ஆள் அனுப்பினால் போதும் என்றார் பொருளாளர் வெங்கடபதி. நான்தான் மறுத்தேன். இத்தனை வருடம் நம் கண்முன் நடமாடியவர், பள்ளி வண்டி வரும் இடத்தில் தினமும் நின்று ஊரார் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர், அவருக்கு வளையம்தான் வைக்க வேண்டும் என்றேன். வெங்கடபதிக்குச் சங்கடம். “இப்ப இவங்களுக்கு வளையம் வெச்சா நாளைக்கு வாட்ச்மேன் ஊட்டுலயும் கேப்பாங்களேங்க” என்றார். ஸ்ரீனிவாஸ் என்ற இளைஞர், “கேட்டா அவங்களுக்கும் வெச்சுப்போடலாமுங்க. ரோஜாவுக்குத் தெரியுமா யாரு ஓனரு, யாரு வாட்ச்மேன்னு?” என்று கேலி செய்தார். சிரித்தோம். துக்கத்துக்குக் கூடிய இடத்தில் சிரித்தோம் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை. கடைசியில் வளையம் என்றே முடிவானது. வேலைக்கு வந்த ஒருவருக்கு எங்கள் சங்கம் வளையம் வைப்பது அதுதான் முதல் தடவை. அறையை விட்டு வெளியே வரும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

சாமுவேல் உடலைச் சொந்த ஊருக்கே கொண்டுபோகிறார் என்று தெரிந்ததும் வெங்கடபதி நெகிழ்ந்துபோனார். “என்ன மனுசனுங்க! பெத்த தாய்க்குச் செய்யற மாதிரியே செய்யறாருங்க” என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் பூ மார்க்கெட்டுக்கு நானே போனேன். வளையம் கட்டும் கடையில் இருந்த பெண், “எந்த முறைங்க? பொறந்த ஊடா, பங்காளியா, வெளியாளுங்களா?” என்று கேட்டார். இறந்தவருக்கு நாம் என்ன முறை என்பதைப் பொறுத்துத்தானே இங்கே பூவும் கட்டும் மாறுகின்றன. வெளியாள்தான் என்றேன். வெள்ளைச் சம்பங்கி தூய்மைக்கு, சிவப்பு ரோஜா அன்புக்கு, ஓரத்துக்கு மரிக்கொழுந்து என்று நானே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தேன். ரோஜா வாடியிருந்தது என்று மாற்றச் சொன்னேன். பூவில் அவ்வளவு கவனமாக இருந்தேன்.

ரிப்பனில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். ‘வேலைக்காரம்மா’ என்று போட்டுவிடலாம் என்று வெங்கடபதி முந்தின நாளே சொல்லியிருந்தார். எனக்கு அது கொச்சையாகப் பட்டது. செய்தித்தாளில் நிருபராகக் காலம் கழித்தவன் இல்லையா, கௌரவமாக இருக்கட்டும் என்று சொற்களைத் தேடித் தேடி ஒரு வரி அமைத்தேன்: ‘எங்கள் குழந்தைகளைத் தாய்போல் பேணிய பணிப்பெண் பாவாத்தாள் அம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி.’ அந்த வரி முழுக்க முழுக்க என்னுடையது. வேறு யாரையும் கேட்டு எழுதவில்லை.

அவர் சாமுவேலின் தாய் என்பது எங்களுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நானும் இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரும் எங்களிடம் அவரை வேலைக்காரர் என்று சொல்லவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்றுதான் உங்கள் தம்பி மனைவி புவனா சொன்னார். அது உண்மைதானே. மீதியை நாங்களே எழுதிக்கொண்டோம். சாமுவேல் வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கும். இவர் பெயரோ பாவாத்தாள். அதை வைத்தே உறவாக இருக்காது என்று தீர்மானித்தோம். வேலைக்கு வருபவர்கள் நுழையும் சின்ன கேட் வழியாகவே அவரும் வருவார், போவார். பள்ளி வண்டிக்கு அதுதான் பக்கம் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

கீழே நாற்காலிகள் கிடக்கும். அவர் படியில்தான் உட்காருவார். அதை அடக்கம் என்று பாராட்டினோம். கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குத் தென்னந்தோப்பு உண்டு. அங்கே வேலைக்கு வரும் பெண்கள் இன்றும் வாசற்படியில்தான் உட்காருகிறார்கள். உட்காரும் இடத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்யும் கண் எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. படித்தும், ஊர் ஊராகச் சுற்றி எழுதியும் அது மாறவில்லை. எல்லோரும் அவரை ‘வாங்கம்மா, போங்கம்மா’ என்றுதான் அழைத்தோம். அதனால் மரியாதையில் குறை வைக்கவில்லை என்ற நினைப்பு வேறு.

அந்த வளையத்தை வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படும்படி நானே நின்று கட்டச் சொன்னேன். பொள்ளாச்சிக் கடைவீதியிலும் ஆழியாறு சோதனைச் சாவடியிலும் அந்த வரியை எத்தனை பேர் படித்தார்களோ. கொண்டை ஊசி வளைவுகளில் மழை பிடித்துக்கொண்டது. ரிப்பன் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எழுத்து மட்டும் அழியவில்லை. உங்கள் எஸ்டேட் லயத்துக் குடியிருப்பு வாசலில் வண்டி நின்றபோது குடையோடு நின்ற பெண்கள் எல்லோரும் அதை வாய்விட்டுப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அப்போதுதான் நீங்கள் வெளியே வந்தீர்கள்.

“யாருங்க பணிப்பெண்ணு? எங்கம்மா இந்த எஸ்டேட்டுல கொழுந்து பறிச்சாங்க, கூலி வாங்குனாங்க. பேத்தியைத் தூக்கி வளத்ததுக்கு யாருங்க கூலி குடுத்தது?” என்று கேட்டீர்கள். பிறகு ரிப்பனை மட்டும் அவிழ்த்தீர்கள். வளையத்தையும் தூக்கிப் போடச் சொல்லிச் சத்தம் போட்டார் ஒரு பெரியவர். “பூ என்னங்க பண்ணுச்சு, அது இருக்கட்டும்” என்று அவரை அடக்கினீர்கள். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அன்று நாங்கள் மலையிறங்கியிருக்க முடியாது.

அதன்பின் என் முகத்தைப் பார்த்து, சாமுவேலிடம் கேட்டுத்தான் இதை எழுதினீர்களா என்றீர்கள். இல்லை என்றேன். இப்போதும் அதையே சொல்கிறேன். உங்கள் தம்பிக்கு அந்த வரி தெரியாது. வண்டி புறப்படும் அவசரத்தில், மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, அவர் முன்பக்கம் வந்து பார்க்கவே இல்லை.

ஆகவே தண்டனை எனக்கு இருக்கட்டும். நீங்கள் அனுமதித்தால் நான் ஒருவன் மட்டும் ஜெபக் கூட்டத்துக்கு வந்து, அந்த வரியைப் படித்த அதே மக்கள் முன் நின்று, அது பொய் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். அம்மாவுக்குப் பிடித்த பூ எது என்று ஒரு வார்த்தை எழுதினால் அதைக் கொண்டுவருகிறேன். இந்த முறை கேட்டுச் செய்கிறேன். அனுமதிக்காவிட்டாலும் சாமுவேலைத் தடுக்காதீர்கள். அவர் அறியாமல் நடந்தது அது.

மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட இல்லாமல்,
அழகிரிசாமி

*

வால்பாறை,
ஆகஸ்ட் 16.

ஐயா அவர்களுக்கு,

பொற்கொடி எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். எனக்கு நீளமாக எழுத வராது.

அம்மாவுக்குப் பிடித்த பூ கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்குப் பூவே ஆகாது ஐயா. மல்லிகை பக்கத்தில் வந்தாலே தும்மல் பிடித்துக்கொள்ளும். என் கல்யாணத்தில் தும்மிக்கொண்டேதான் எனக்குப் பூ வைத்துவிட்டார். உங்கள் வளையத்தைப் பெட்டிமேல் வைத்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. உயிரோடு இருந்திருந்தால் எழுந்து உட்கார்ந்து தும்மியிருப்பார். அதனால் பூ எதுவும் வேண்டாம்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் வெளியாள். அங்கே தன்னை எல்லோரும் வேலைக்காரி என்று நினைக்கிறார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். போன வருசம் தீபாவளிக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார். “வேலைக்கு வாரவங்களுக்கெல்லாம் சேலை குடுத்தாங்க கண்ணு, எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. வேண்டாமுன்னு சொன்னா சாமுக்குச் சங்கடமாப் போயிருமேன்னு வாங்கிட்டேன். நல்ல சேலை, நீ கட்டிக்க” என்றார். நல்ல சேலைதான். நான் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கேயே இருந்துவிடம்மா என்று சண்டை போட்டேன். பேத்தியை விட்டு இருக்க முடியாது என்று திரும்பவும் பஸ் ஏறிவிட்டார்.

என் கோபம் சாமுமேல்தான். அவனிடம் கேட்காமல் எழுதினேன் என்கிறீர்கள். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நீங்கள் ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். நான் இங்கே பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் ஐயா. எந்தப் பிள்ளை எதற்காக ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

உங்களைத் திரும்பக் கேட்க மாட்டேன். வயதானவரைப் பொய் சொல்ல வைப்பது பாவம். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை கூட்டம். நீங்கள் வாருங்கள். அவனும் வரட்டும். ஆனால் உங்களிடம் கேட்டதை அவனிடம் கேட்பேன். அவன் வாயால் பதில் சொல்ல வேண்டும். ஆமாம் என்று சொன்னாலும் சரி, அவன் எனக்குத் தம்பிதான், அழுதுவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுப் போகட்டும். பேசாமல் நிற்பதாக இருந்தால் வர வேண்டாம். அன்றைக்கு நின்றது போதும்.

இப்படிக்கு,
பொற்கொடி

*

சரவணம்பட்டி,
ஆகஸ்ட் 21.

அன்புள்ள தம்பி சாமுவேலுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. உங்கள் வீடு பூட்டியே கிடக்கிறது. புவனாவின் அப்பா வீட்டில், கிணத்துக்கடவில் இருக்கிறீர்கள் என்று காவலாளி சொன்னார். கைப்பேசியில் என் பெயரைப் பார்த்தால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் தபாலில் அனுப்புகிறேன்.

உங்கள் அக்காவுக்கு நான் எழுதியதன் நகலும், அவர் எனக்கு எழுதியதும் இதோடு இருக்கின்றன. இரண்டையும் படியுங்கள். என் கடிதத்தில் எது பொய் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று காலை பூ மார்க்கெட்டிலிருந்து உங்களை அழைத்தேன். அச்சுக்குப் போகும் முன் பெயரைச் சரிபார்ப்பது என் பழக்கம். முழு வரியையும் உங்களுக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் பேசவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் ‘ஹலோ, ஹலோ’ என்றேன். அப்புறம்தான் நீங்கள், “பேரு சரிதானுங்க சார். அப்படியே போட்டுக்கோங்க” என்றீர்கள்.

உங்களைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. அந்த மௌனம் எனக்குக் கேட்டது, தம்பி. கேள்வி கேட்பதுதான் என் தொழிலாக இருந்தது. பதில் வரத் தாமதமானால் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தெரிந்தவன் நான். அன்றும் தெரிந்தது. ‘ஏனுங்க தம்பி, ஏதாவது தப்பா எழுதிட்டனா?’ என்று ஒரு கேள்வி போதும். கேட்கவில்லை. வரி நன்றாக அமைந்திருந்தது. வளையம் தயாராக இருந்தது. வண்டி கிளம்பும் முன் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் எனக்கு. வரியை மாற்ற எனக்கு மனம் இல்லை. அதுதான் உண்மை. உங்கள் அக்காவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதை மட்டும் நான் எழுதவில்லை.

லயத்து வாசலில் உங்கள் அக்கா கேட்டபோது நான் இல்லை என்றேன். நீங்கள் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றீர்கள். உங்களைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால், ‘அப்ப அவன் என்ன சொன்னான், எப்படிச் சொன்னான்’ என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அந்த மௌனத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நான் என்னையும்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

உங்கள் பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் குடிவந்த புதிதில் லிஃப்டில் வெங்கடபதி உங்களிடம், “குழந்தையைப் பாத்துக்க நல்ல ஆளாக் கிடைச்சிருக்காங்க போல. எங்களுக்கும் ஒருத்தரைச் சொல்லுங்களேன்” என்று கேட்டார். நானும் அந்த லிஃப்டில் இருந்தேன். நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் தளம் வந்துவிட்டது. இறங்கிப்போனீர்கள். அன்றே சொல்லாததை மறுநாள் சொல்வது கடினம். ஒரு மாதம் கழித்துச் சொன்னால், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்பார்கள். இப்படித்தான் வருடங்கள் போயிருக்க வேண்டும். எஸ்டேட் லயத்திலிருந்து வந்த பிள்ளை என்று தெரிந்தால் எங்களில் சிலருடைய பேச்சு எப்படி மாறும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அது வீண் பயம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்களுக்கு நடுவே நீங்கள் இருந்த இடத்தில் இருந்து பார்த்தால்தான் அது தெரியும்.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும் உங்களுக்காகச் சிரித்துக்கொண்டே அந்தப் படியில் உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்கு அந்தச் சேலையைக் கொடுத்தது என் மனைவி சாமியாத்தாள். உங்கள் அக்காவின் கடிதத்தைப் படித்துக் காட்டியதிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. என்னைத்தான் கோபிக்கிறாளா, தன்னையேவா என்று தெரியவில்லை.

சங்கத்தைக் கூட்டி நடந்ததைச் சொல்லிவிட்டேன். உங்கள் போன் பேச்சைச் சொல்லவில்லை. வளையம், மாலை என்ற அந்த வழக்கத்தை எடுத்துவிட்டோம். நீங்கள் திரும்பி வரும்போது யாரும் உங்களை ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதும் ஒரு தொல்லைதான் என்று எனக்குத் தெரியும். அதற்கு என்னால் வேறு வழி காண முடியவில்லை.

இனி, உங்கள் அக்கா கேட்கப்போகும் கேள்வி. அவர் என்னைத் திரும்பக் கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பெருந்தன்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளக் கூடாது. நீங்கள் வராமல் போனால், அந்தக் கூட்டத்தில் அவர் கேட்காமலே நான் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாம் தடவை பொய் எழுதிவிட்டேன். மூன்றாவதாகவும் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் அது என் வாயிலிருந்து வந்தால் வெறும் தகவல், தம்பி. உங்கள் வாயிலிருந்து வந்தால் அக்காவுக்குத் தம்பி கிடைப்பான். என்னைச் சொல்ல வைத்துவிடாதீர்கள். ஆமாம் என்று சொன்னாலும் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று எழுதியிருக்கிறார். இதைவிட அகலமாக ஒரு கதவை யாரும் திறந்து வைக்க முடியாது.

இரண்டாம் சனிக்கிழமை விடியலில் நான் இங்கிருந்து கிளம்பிப் பொள்ளாச்சியில் இறங்குவேன். வால்பாறைக்கு அங்கேதானே பஸ் மாற வேண்டும். பூ எதுவும் கொண்டுவர மாட்டேன். மழைக்கு ஒரு குடை மட்டும். பேருந்து நிலையத்தில் வால்பாறை வண்டி நிற்கும் இடத்தில் இருப்பேன். முதல் வண்டியில் ஏற மாட்டேன். அடுத்ததிலும் நீங்கள் வரும்வரை ஏற மாட்டேன்.

வந்தால் என்னோடு ஒன்றும் பேச வேண்டாம். மன்னிப்பு நானும் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்க வேண்டாம். மலை ஏறி முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள், போதும். வளைவுகளில் உங்களுக்குத் தலை சுற்றினால் ஜன்னல் ஓரத்தில் உட்காருங்கள். அந்த இடத்தை உங்களுக்காகப் பிடித்து வைக்கிறேன்.

உங்களுக்கும் புவனாவுக்கும் குழந்தைக்கும் என்றும் நலமே உண்டாகட்டும்.

உங்கள் வரவை நம்பி,
அழகிரிசாமி